இரண்டாம் தண்ணீர்

“தலையில இன்னொரு தடவை தண்ணி ஊத்தினா பிள்ளை என்ன கரைஞ்சா போயிடும்?” என்றாள் நாத்தனார். பாதிரியாரின் அலுவலக அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை அவள் முதலிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கரையாதுக்கா. ஆனா ஊத்த விடமாட்டேன்,” என்றாள் கண்ணாடிக்காரி. அவள் மடியில் குழந்தை வாயைப் பிளந்து தூங்கியது.

சன்னல் கண்ணாடி வெட்டும் கடை அவளுடையது. வெட்டியதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது கணவனின் வேலை. கடையில் அவள் வைத்ததே சட்டம். வீட்டில் அவனுடைய அக்கா வைத்தது. இன்று இரண்டும் மோதிக்கொள்ள, அவன் தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

குழந்தை மாதம் நிறையுமுன்பே பிறந்து மூச்சுக்குத் திணறியது. அறுவை முடிந்த தாய் அசையக் கூடாத நிலை. கணவன் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தான், பாதிரியார் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை. கட்டிலருகே வந்த நர்ஸின் கையைப் பிடித்து, தண்ணீர் ஊற்றும்போது சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, குழந்தை இருந்த அறைக்கு அனுப்பினாள். நர்ஸ் போனாள், செய்தாள். குழந்தையும் பிழைத்துக்கொண்டது.

நாத்தனாருக்கு அது செல்லாது. “அந்தப் பொண்ணு நம்ம கோயில் வாசலையே மிதிச்சதில்ல ஃபாதர். அவ ஊத்தினது ஞானஸ்நானம்னா, நான் தினமும் செடிக்கு ஊத்தறது என்னவாம்?”

பாதிரியார் சிரிப்பை விழுங்கினார். “சந்தேகம் இருந்தா, ‘நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாமல் இருந்தால்’னு சேர்த்துச் சொல்லி ஊத்த வழி இருக்கும்மா. வீட்லயும் சமாதானமாப் போகும்...”

“எனக்குச் சந்தேகம் இல்ல. உங்களுக்கு இருந்தா அவங்களையே கேளுங்க. வெளியில நிக்கறாங்க.”

நர்ஸ் உள்ளே வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றாள்.

“தண்ணி ஊத்தினீங்களா, துணியால நனைச்சீங்களா?” என்றார் பாதிரியார்.

“ஊத்தினேன். முகமெல்லாம் குழாய். அதனால சிரிஞ்சுல எடுத்து நெத்தியில விட்டேன். காதுப் பக்கமா ஓடிச்சு. பஞ்சால துடைச்சேன்.”

“வார்த்தைகள்?”

“விடும்போதே சொன்னேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு.”

“நம்பித்தான் சொன்னியா?” என்று குறுக்கே பாய்ந்தாள் நாத்தனார்.

நர்ஸ் தாயைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும். “இல்லைங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இந்தம்மா என்ன நினைச்சுக் கேட்டாங்களோ அது நடக்கட்டும்னுதான் செஞ்சேன்.”

“கேட்டீங்களா ஃபாதர்!” நாத்தனார் கை தட்டாத குறை.

கண்ணாடிக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “கண்ணாடியில ஒரு கோட்டை ஒரு தடவைதான் கீறுவேன். அதுமேலயே மறுபடி கீறினா தாறுமாறா உடையும். முதல் கீறல நம்பாதவன்தான் ரெண்டாவது கீறுவான். அக்கா, அன்னைக்கு இவன் செத்திருந்தா, கடவுள்கிட்ட போய்ச் சேர்ந்துட்டான்னு நீங்கதானே எல்லாருக்கும் ஆறுதல் சொல்லியிருப்பீங்க? பிழைச்சதால அந்தத் தண்ணி பத்தாமப் போச்சா?”

கணவன் தலையைத் தூக்கினான். “அவ சொல்றது சரிக்கா.” சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான்.

பாதிரியார் நாற்காலியில் நிமிர்ந்தார். “கைதான் இவங்களோடது. கொடுத்தவர் கிறிஸ்து. நான் ஊத்தினாலும் அப்படித்தான். சமாதானத்துக்காக மறுபடி ஊத்தினா, அன்னைக்கு அவர் வரலைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். நான் அதைச் செய்ய மாட்டேன். எண்ணெய் பூசறது, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, இதெல்லாம் பாக்கி. ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சுக்கலாம்.”

நாத்தனாரின் குரல் இறங்கியது. “அப்ப ஞானத்தாய்? பிள்ளையைக் கையில வாங்கி நான் நிக்கணும்னு எத்தனை நாளா நினைச்சிருந்தேன். என்னை விட்டுட்டே எல்லாம் முடிஞ்சுதா?”

“இதுக்குத்தானா இவ்வளவு பாடும்?” கண்ணாடிக்காரி அவள் எதிரே போய் நின்றாள். “தண்ணிதான் அன்னைக்கு முடிஞ்சுது. இவனை விசுவாசத்துல வளர்க்க ஆயுசு பூரா ஆள் வேணாமா? ஞாயித்துக்கிழமை ஞானத்தாயா நின்னு, பிசாசை விட்டுவிடறேன்னு இவனுக்காகச் சொல்லணுமே, உங்க வாய்க்கு முன்னால எந்தப் பிசாசு நிக்கும்க்கா?”

நாத்தனார் முறைத்தாள். முறைத்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள்.