இரண்டாம் முறை தரை தொடுமுன்

...விழுகிறது, ஓல்ஃபாவின் வலது கையிலிருந்து, இல்லை, இடது கை, எந்தக் கையாக இருந்தால் என்ன, பந்து தரையில் பட்டு எழும்பி மறுபடி படுவதற்குள் நாலு எட்டு ஓடிப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதானே, ஐம்பத்துமூன்று வயதுத் துணி வியாபாரிக்கு இதுகூடவா முடியாது... முடியவில்லை. செம்மண்ணில் உருண்டு வந்து என் காலணியில் சாய்ந்துகொள்கிறது பந்து, வீட்டுப் பூனை மாதிரி. பத்துக்கு ரெண்டு ஸீ ஹேதி, என்கிறாள். மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் ஸீ போட்டுத்தான் கூப்பிடுவாள், திட்டும்போதும் அப்படித்தான். எங்கள் டென்னிஸ் சங்கத்தில் நரைத்த ஆட்டக்காரர்களின் கால்களுக்கு வேகம் ஏற்றுவது அவள் வேலை, மூன்று வாரமாகத் தரையில் கயிற்று ஏணியை விரித்து அதன் கட்டங்களுக்குள் என்னை நண்டு நடை நடக்க வைத்திருக்கிறாள். மாலை வெயிலில் மண்ணும் வலையும் மாதுளைச் சாற்றில் மிதப்பதுபோல இருக்கின்றன, லா குலெத் துறைமுக ரயில் எங்கோ போகிறது, எங்கள் ஊர் ஆண்களின் வழக்கப்படி காதில் செருகிய மல்லிகை மொட்டு என் வியர்வையிலேயே விரிகிறது, இப்படியே இந்த மண்ணில் படுத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்...

பலகை கேட்கும். நடைவழிப் பலகையில், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களின் இரட்டையர் போட்டிக்குப் பெயர் எழுத இன்றுதான் கடைசி நாள். என் ஜோடி ஆட்டக்காரன் முன்ஸிஃப் தன் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். பத்தொன்பது வருஷமாக எந்த இரட்டையர் போட்டியானாலும் பக்கத்துக் கட்டத்தில் என் பெயரையும் அவனே எழுதிவிடுவான், இந்த வருஷம் மட்டும் ஏன்? போன மாதம் வலையோரம் மெத்தென்று விழுந்த ஒரு பந்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேனே, அதனாலா? ஆட்டம் போயிற்று, அவன் சொன்னது ஒன்றுதான், பரவால்லடா, காத்து. அன்று காற்றே இல்லை, கம்பத்தில் கொடி செத்த மீனாகத் தொங்கியது. என் எதிர்க்கடை அத்தர் வியாபாரி அவன், பொய்யைக்கூட மணக்க மணக்கத்தான் கொடுப்பான். அன்று முதல் அவன் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்து போகிறார், நாற்பத்தாறு வயது, ஆட்டத்தில் முயல் ஓட்டம்... ஒரு மனிதருக்கு எவ்வளவு அத்தர்தான் தேவைப்படும்?

"ஒங்க காலு மெதுவில்ல ஸீ ஹேதி. நான் பந்த விடறப்போ எங்க பாக்கறீங்க?"

உன் முகத்தை, என்று சொல்ல வாய் வரவில்லை, வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள், ஆனால் முகத்தைப் பார்த்தே முப்பது வருஷம் பிழைத்தவன் வேறு எதைப் பார்ப்பான், பட்டுத்துணியைத் தடவும் கையை எவன் பார்த்தான், புருவத்தில் அல்லவா வியாபாரம் முடிகிறது...

"எம் மூஞ்சில ஒண்ணுமில்ல. நான் விடறதுக்கு முன்னாடியே ஒரு சின்னத் துள்ளு துள்ளணும், எந்தப் பக்கம்னு தெரியறதுக்கு முன்னாடி. நீங்க என்னடான்னா, நான் மொதல்ல வெல சொல்லட்டும்னு நிக்கறீங்க."

சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எங்கள் கடைத்தெருவில் முதலில் விலையைச் சொல்கிறவன் தோற்றவன், பைன் கொட்டை மிதக்கும் தேநீரை ஊற்றி, பிள்ளைகள் நலமா, வெயில் எப்படி என்று எதிராளி வாய் திறக்கும்வரை இழுப்போம். கல்யாணம்கூட அப்படித்தான், என் மனைவி நைலாவின் அப்பா பொறுமையிழந்து, என்னப்பா, எம் பொண்ணக் கேக்கப்போறியா இல்லியா என்றார், நீங்களாகக் கேட்கவே இல்லை என்று அவள் இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்... துள்ளினேன். எதற்கென்று தெரியாமல் ஒரு விரற்கடை துள்ளினேன், காற்றில் இருந்த அந்தக் கணம் நீண்டுகொண்டே போயிற்று, எல்லாப் பக்கமும் எனக்குப் பக்கமாக இருந்தது, கால் தரையைத் தொட்டபோது பந்து கையில் இருந்தது. மூணு, என்றாள் ஓல்ஃபா.

நடைவழியில் ஆள் இல்லை, முன்ஸிஃப் மட்டும் பலகைக்கு அடியில் பெஞ்சில் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறான், நான் வந்ததிலிருந்து அதே நாடாவை. கட்டம் காலியாகவே இருக்கிறது, நூலில் கட்டிய பேனா மெல்ல ஆடுகிறது. டாக்டருக்காக வைத்திருக்கிறானா, அல்லது... இவனும் அதே கடைத்தெருவில் பிறந்தவன்தானே, இவன் மட்டும் முதலில் வாய் திறந்துவிடுவானா, பத்தொன்பது வருஷமும் நீதான் எழுதினாய் என்று நான் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறேனா?

"இன்னைக்குக் காத்தே இல்லடா," என்கிறான், தலை நிமிராமல்.

இது விலையா, தேநீரா? அவன் முகத்தைத் தேடிக் குனியப்போகிறேன், குனியவில்லை, பேனா கைக்கு வந்துவிட்டது, குதிகால் இரண்டும் தரையில் இல்லை, பந்து எந்தப் பக்கம் விழப்போகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது...