பூர்த்தி சார் வீட்டுத் தண்ணீர்

ஓய்வுபெற்ற பதினேழாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, பூர்த்தி சாரின் வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அது அவரை மட்டுமே நனைத்தது. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தவர் சில்லென்றதும் வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டார். அதே தரையில் அவர் மனைவி கூட்டிக்கொண்டு போனார். தூசி காய்ந்த தூசியாகவே பறந்தது. குழாய் எதுவும் உடையவில்லை, மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. "ஏம்மா, வீடு பூரா தண்ணி நிக்குதே, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார். மனைவி தரையைப் பார்த்தார். பிறகு, அவர் மறுபடி இறக்கிய காலில் கால்சட்டை ஓரம் ஈரத்தில் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றார்.

பூர்த்தி சார் என்பது ஊர் வைத்த பெயர். விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், பிறப்போ இறப்போ, கொண்டு வந்தவர் கையிலேயே தாளைத் திருப்பிக் கொடுத்து, "பூர்த்தி பண்ணிக் கொண்டு வாங்க" என்பார். அந்த முப்பத்தாறு வருடமும் அவர் போன பேருந்து நகராட்சி நீச்சல் குளத்து மதிலை ஒட்டிய சிக்னலில் நின்றுதான் போகும். இடது பக்கத்து ஜன்னலோரம் கிடைத்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் தலைகள் போவதும் வருவதும் ஒரு நிமிடம் கண்ணில் படும். அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியிருக்கிறார். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? அவருக்குத் தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் எதிலாவது விழுந்தாரா, யாராவது மூழ்குவதைப் பார்த்தாரா என்றால் அப்படி ஒரு கதையும் கிடையாது. சிலருக்குப் பல்லி என்றால் ஆகாது, இவருக்குத் தண்ணீர்.

ஓய்வுபெற்ற மூன்றாம் நாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் நீச்சல் குளத்து அலுவலகத்துக்குப் போனார். போகும்போதே உள்ளங்கை வேர்த்தது. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை; அவரே கேட்டுக்கொண்டார். திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்கள். விண்ணப்பத்தைக் கண்டதும் அவர் கை தைரியமாகிவிட்டது. 'பயிற்சி பெற விரும்பும் இடம்' என்ற கட்டத்தில் மற்றவர்கள் சிறிய குளம் என்றோ பெரிய குளம் என்றோ எழுதுவார்கள். பூர்த்தி சாரின் கை, பழக்க தோஷத்தில், வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் அஞ்சல் எண்ணையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது. 'பயிற்சிக் காலம்' என்பதற்கு நேராக 'முழுமையாகக் கற்கும் வரை' என்று எழுதினார். குளத்து எழுத்தர் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார். இவர் அப்படி ஒருநாளும் குத்தியவரில்லை.

தண்ணீர் வந்த அன்றே அவர் அலுவலகத்துக்கு ஓடினார். வாசற்படியைத் தாண்டியதும் கால்சட்டை காய்ந்துபோனதால் ஆதாரம் காட்ட வழியில்லை. எழுத்தர் கோப்பை எடுத்துப் பார்த்து, "நீங்க கேட்ட இடத்துலதானே சார் குடுத்திருக்கோம்" என்றார். வாரத்துக்கு நாலு விரல் வீதம் ஏறும் என்றும் சொன்னார். நிறுத்துவதற்கு என்ன வழி என்றால், கற்றுக்கொண்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூர்த்தி சார் பேனாவை மூன்று முறை எடுத்தார். பொய்யை எந்தப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பிப்பது என்று அவர் கைக்குத் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் கணக்குப் போட்டார். அவர் உயரத்துக்கு ஐந்தரை மாதத்தில் மூக்கு வரை வரும்.

விதிப்படி குளத்திலிருந்து ஒரு பயிற்சியாளரும் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, தூங்கும்போதும் கழுத்தில் விசிலோடு தூங்குவார் என்று பேச்சு. விசில்காரி என்றால்தான் தெரியும். அவருக்கும் அந்தத் தண்ணீர் தெரியவில்லை, ஆனால் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. முன்னறையில் பூர்த்தி சாரின் மனைவி பள்ளிச் சீருடைகளும் கால்சட்டை மடிப்புகளும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணி வெட்டும் மேசைமேல் குப்புறப் படுத்து, விசில்காரி கையையும் காலையும் எப்படி வீச வேண்டும் என்று காட்டினார். துணி கொடுக்க வந்தவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, தங்கள் முறை வந்ததும் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பூர்த்தி சார் முகத்தை உள்ளே வைக்கக் கற்றார். இடுப்புக்கு வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கக் கற்றார். கம்பியை மட்டும் விடவே மாட்டார். "கம்பிய விடுங்க சார்" என்று விசில்காரி சொன்னால், "நாளைக்கு விட்டுடறேன்" என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. ஒவ்வொரு நாளும் மனைவி தையல் நாடாவை எடுத்து, அவர் சட்டையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்து பார்ப்பார். அளந்தவுடன் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, எவ்வளவு என்பதைச் சொல்ல மாட்டார்.

பதினெட்டாவது வாரம், தண்ணீர் மார்பளவு நின்றபோது, சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்கத் திரும்பியவர் கால் வழுக்கி உள்ளே போனார். மனைவி ஓடிவந்து பார்த்தது இதைத்தான்: காய்ந்த தரையில் கணவர் மல்லாந்து கிடக்கிறார், தலைமயிர் அவர் நெற்றிக்கு மேலே தானாக எழும்பி ஆடுகிறது, வாய் திறந்து மூடுகிறது, கண் பிதுங்குகிறது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய கையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவர் இருமித் துப்பிய தண்ணீர் மேலே பட்டும் மனைவியின் சேலை நனையவில்லை. முப்பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அன்றுதான் அந்த அம்மாள் சத்தம் போட்டு அழுதார். தன் காலடியிலேயே இருக்கிற ஒன்றிலிருந்து அவரைக் காப்பாற்ற, அதைத் தொடக்கூட முடியவில்லையே என்றுதான் அழுதார். மறுநாள் மகள் வந்தாள். "அப்பா, பேசாம என்கூட வந்துடுங்க. தண்ணி இந்த வீட்டுக்குத்தானே வந்திருக்கு, உங்களுக்கா வந்திருக்கு?" என்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். மனைவி போகவில்லை. மிஷினும் வாடிக்கையும் இங்கே இருந்தன; தவிர, தண்ணீர் அவருக்கு இல்லையே.

மகள் வீடு மூன்றாவது மாடியில், எலும்பு வரை காய்ந்த வீடு. பூர்த்தி சார் அங்கே ஐந்து மாதம் இருந்தார். காலையில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார், பால்கனியில் துணி காய்கிறதா என்று பார்த்தார், காய்ந்ததும் மடித்தார். மகள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வருவார். அங்கே எவ்வளவு ஏறியிருக்கும் என்று இவர் கேட்கமாட்டார், அவருக்கும் தெரியாது. ஆனால் பூர்த்தி சார் கணக்குப் பிசகாதவர். மூக்கைத் தாண்டிய வாரமும் அவருக்குத் தெரியும், கதவு நிலையைத் தாண்டிய வாரமும் தெரியும். நடுநடுவே, சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கால் தானாக உதைத்துக்கொள்ளும். வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், இனி இவ்வளவுதான் போலிருக்கிறது என்ற ஒன்று வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அது தண்ணீரை விடப் பெரிய பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் முகவரி மாற்ற விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்தாள். கடிதங்கள் இனி இங்கேயே வரட்டும் என்றாள். பூர்த்தி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் எழுதினார், பிறந்த தேதி எழுதினார். 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முக்கால் மணி நேரம் நின்றது. பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, தாளை மடித்து மகளிடம் கொடுத்தார். மகள் அதைப் பிரித்து இரண்டு தடவை பார்த்தாள். "அப்பா, ஒண்ண காலியா விட்டிருக்கீங்க" என்றாள். "தெரியும்மா" என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே.

விசில்காரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். காலை பத்தரை மணிக்கு மூன்று பேரும் பழைய வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பூர்த்தி சாரின் கண்ணுக்கு, நிலைக்குள் தண்ணீர் கண்ணாடி வைத்து அடைத்தது மாதிரி நிமிர்ந்து நின்றது, ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. அதற்கு அந்தப் பக்கம், பச்சையாகக் கொஞ்சம் ஆடிக்கொண்டு, மனைவி மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். பூர்த்தி சார் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். உடனே எடுத்துக்கொண்டார். "அப்பா, வேணாம்ப்பா. நான் அம்மாவக் கூட்டிட்டு வந்துடறேன். வாசல்லயே பேசிக்கலாம்" என்று மகள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டாள். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பேசுவது கெட்ட யோசனை இல்லை. எத்தனையோ பேர் அப்படிப் பேசிவிட்டுப் போகிறார்கள். "மேல ஒரு சாண் காத்து இருக்கும் சார். எல்லாக் குளத்துலயும் விளிம்புக்கு அவ்வளவு விட்டுத்தான் நிரப்புவோம்" என்றார் விசில்காரி. "உள்ள போய் தரைய ஒரு உதை உதைங்க. பிடிக்க அங்க கம்பி கிடையாது." அதைச் சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் மணி அடித்ததும் எழுந்து பழகிய உடம்பு, ஊதல் கேட்டதும் உள்ளே போய்விட்டது. மகள் கையில் சட்டைப் பித்தான் ஒன்று மிஞ்சியது. தண்ணீர் காதுக்குள் புகுந்து உலகம் அடைத்துக்கொண்டது. தரையை உதைத்தார், மேலே போனார். பாதி வழியில்தான் அந்த நினைப்பு வந்தது: முன்னறைக் கூரையில், மிஷினுக்கு நேர் மேலே, மின்விசிறி. கோடைக்காலம், தைக்கிற வீடு, காலையிலிருந்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இறக்கைகள் இருக்கிற இடத்தில்தான் அந்த ஒரு சாண் காற்றும் இருக்கிறது. கீழே இறங்கினால் மூச்சில்லை, மேலே ஏறினால் தலையில்லை. அவர் அலறினார், அலறல் குமிழிகளாக முந்திக்கொண்டு மேலே போயிற்று. கையைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சுக்காக மேலே வந்தார். கையில் ஒன்றும் படவில்லை. வாய் திறந்து காற்றை விழுங்கினார், இருமினார், மறுபடி விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு முன்னால் ஒரு வெறும் கொக்கி இருந்தது. கம்பி முனைகளைக் கறுப்பு நாடாவால் சுற்றி, கொக்கியோடு சேர்த்து அழகாகக் கட்டியிருந்தது.

கையையும் காலையும் மேசைமேல் பார்த்த மாதிரி வீசிக்கொண்டு, அடுத்த அறைக்குப் போகிற கதவு நிலைக்குக் கீழே முங்கி, அந்தப் பக்கம் எழுந்து பார்த்தார். படுக்கையறையிலும் கொக்கிதான். சமையலறையிலும் கொக்கிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி நேரே மின்விசிறிக்கு அடியில் போய், முந்தானையைத் தளர்த்திக்கொண்டு, கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்ததற்கு அர்த்தம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பி முன்னறைக்கு வந்தார். கால் கட்டுக்கு அடங்காமல் நடுங்கியது, ஆனால் உதைத்துக்கொண்டும் இருந்தது. மனைவி மிஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். எட்டடி உயரத்தில் கணவர் காற்றில் தவித்துக்கொண்டு மிதந்தார். அந்த அம்மாளின் கழுத்து முழுக்க வேர்க்குரு.

"எப்ப கழட்டுன?" என்று அவர் மேலிருந்து கேட்டார்.

"நீங்க போன மறுநாளே" என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூரையின் மூலையைப் பார்த்தார். "மேலதானே இருக்கீங்க, அந்த மூலையில ஒட்டடை தொங்குது பாருங்க. அப்படியே எட்டித் தட்டிடுங்க."

அவர் மூலைக்கு நீந்திப் போய் ஒட்டடையைத் தட்டினார். இது நடந்து ஏழு வருடமாகிறது. பூர்த்தி சார் இப்போது கூரைக்கு ஒரு சாண் கீழே குடியிருக்கிறார். மல்லாந்து மிதந்தபடி செய்தித்தாள் படிக்கிறார், தாள் நனைவதில்லை. மனைவி நீளக் கம்பில் கட்டிய தட்டில் காபியை மேலே நீட்டுகிறார், அதில் தண்ணீர் கலப்பதில்லை. கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை, குளத்து அலுவலகமும் கேட்கவில்லை. தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவர்கள் ஆறேழு பேர், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், அவரைப் பார்க்க வருகிறார்கள். துணி கொடுக்க வந்தவர்களோடு சேர்ந்து பெஞ்சியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். பயம் எப்போது போயிற்று என்று அவர்கள் கேட்டால், போகவில்லை என்கிறார். தினமும் விழித்ததும் கீழே பார்க்கிறார், கொஞ்ச நேரம் கொக்கியைப் பிடித்துக்கொள்கிறார், பிறகு விட்டுவிடுகிறார்.