பெயர் சொல்லாத ஒலிபரப்பு

அறுபதுகளின் பிற்பகுதியில், மலைப்பாதைக் கார்ப் போட்டிகளில் பதுளை ஹுமைத் மூன்று வருடம் தொடர்ந்து சம்பியன். தெருவில் ஓடும் சாதாரணக் காரையே பிரித்துப் பூட்டி, அதில் எல்லாரையும் முந்தினார். நான்காம் வருடம் கார் மரத்தில் மோதி அவருடைய வலது கை நொறுங்கியது. "ஹுமைத்தின் கதை முடிந்தது!" என்று வர்ணனையாளர் மைக்கில் கத்தினார். வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மனைவி லரீபா மயங்கி விழுந்தாள். கணவன் உயிரோடிருக்கும் செய்தி அவளுக்கு மாலையில்தான் கிடைத்தது.

கை எலும்பு ஒட்டிக் குணமானாலும் ஸ்டியரிங்கை வளைக்க வலுவில்லை. வானொலிக்காரர்கள் தமிழ் வர்ணனைக்கு அழைத்தபோது ஹுமைத் ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டார்: யாருடைய வீட்டுக்கும் தன் வாயால் இழவு சொல்வதில்லை.

அவர் வர்ணனை சீக்கிரமே பேர் வாங்கியது. எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் எந்த வளைவில் திணறுகிறார் என்று சொல்லிவிடுவார். காரில் ஏறியே இராத மடுல்சீமைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லய வீடுகளிலும் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

எழுபத்தெட்டில் பூனாகலைப் பாதையில் போட்டி நடந்தது. பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த நிஸாமும் அதில் கார் ஓட்டினான். ஹுமைத்துக்குத் தம்பி மாதிரி; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிடுவான். வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்கிய நேரம், நிஸாமின் வெள்ளைக் கார் வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. ஹுமைத் கண்ணால் கண்டார்.

"ஒரு வண்டி பாதையை விட்டு விலகிவிட்டது," என்றார். "யாருடையது என்று இப்போது சொல்லமாட்டேன். நல்ல செய்தியோடு வருகிறேன். அதுவரை பொறுத்திருங்கள்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கி ஓடினார். நிலையத்தில் பாட்டுப் போட்டார்கள்.

பள்ளத்திலிருந்து தோட்டத் தொழிலாளி இராசையாவும் இன்னும் சிலரும் நிஸாமைத் தூக்கி வந்தார்கள். "மூச்சு இருக்குங்க மொதலாளி, சீக்கிரம் கொண்டு போங்க!" என்றார் இராசையா.

வேனில் நிஸாமின் தலையை மடியில் வைத்துக்கொண்டார் ஹுமைத். பண்டாரவளை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நிஸாம் கண் விழித்தான்.

"நானா, முஹ்ஸினா வந்துட்டாளா?"

"வாறா. இந்தா, வாறா."

யாராவது நிஸாமின் மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்றே அவர் நம்பினார். ஒருவரும் அனுப்பியிருக்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்கு முன்னமே நிஸாம் மூச்சடங்கி மௌத்தாகிவிட்டான்.

சில நாட்கள் கழித்து ஹுமைத்தும் லரீபாவும் அந்த வீட்டுக்குப் போனார்கள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் முஹ்ஸினா இருந்ததால் லரீபா மட்டும் உள்ளே போனாள். ஹுமைத் முன்னறையில் உட்கார்ந்தார். திரைக்கு அப்பாலிருந்து முஹ்ஸினாவின் குரல் வந்தது.

"நானா, அவர்ட காருதான்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க பொறுத்திருக்கச் சொன்னீங்க. நா ரேடியோவ விட்டு அசையல்ல. பாட்டுப் போட்டாங்க. இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரி இந்தத் தெரு முடியிறதுல இருக்கு நானா. ஓடி வந்திருப்பேன். உசிரோட கண்டிருப்பேன்."

அழுகையினூடே மறுபடியும் முஹ்ஸினாவின் குரல் வந்தது.

"போட்டில ஓடின அத்தன பேர்ட வீட்டுலயும் அண்டைக்கி இதே தவிப்புத்தான், யார்ட காருன்னு தெரியாம."

லரீபாவுக்காகத்தான் அப்படி ஒரு தீர்மானம் எடுத்தேன் என்ற பதில் அவருக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "பிழைதான் முஹ்ஸினா," என்றார்.

அடுத்த வருடம் அவர் மைக்கைத் தொடமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் போனார். இரண்டாம் சுற்றில் ஒரு நீலக் கார் கவிழ்ந்தது. ஓட்டியவரின் பெயரையும் ஊரையும் ஹுமைத் உடனே சொன்னார். "உள்ளேயிருந்து அவரை வெளியே எடுக்கிறார்கள். காயம் எவ்வளவென்று எனக்குத் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன். வீட்டார் புறப்படத் தயாராகுங்கள்."

பயமுறுத்துகிற வர்ணனை என்று நிலையத்தில் குறைபட்டுக்கொண்டார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எண்பத்தைந்தில் குரல் கெட்டு ஓயும்வரை அப்படியே சொன்னார். முஹ்ஸினா அதைக் கேட்டாளா என்று அவர் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.