ரங்கன் வீட்டைப் பார்த்த பேனல்கள்

விஜயபுரத்துக்குக் கிழக்கே போட்ட சோலார் பேனல்கள் அத்தனையும், திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரங்கன் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றன. ஸ்ரீசிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்த இன்ஜினியர் மோகனப்ரியா மீட்டரைப் பார்த்தாள். "யூனிட் கரெக்டா வருது. அது எந்தப் பக்கம் பாத்தா நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரங்கன்தான் வீட்டு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தினான். அந்த நிலத்தைக் கம்பெனிக்கு வளைத்துக் கொடுத்த புரோக்கர் அவன்.

நிலம் நாகபூஷணத்துடையது. தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த நிலம். வேர்க்கடலை போட்டிருந்தான், தரமாட்டேன் என்றான். ஒரு விடியற்காலையில் ரங்கன் அந்த வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, கரண்டு லைனில் கொக்கி மாட்டி, களை பார்க்க வந்தவனைப் பிடரியைப் பிடித்து அதன்மேல் தள்ளினான். கை கருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பிணத்தைப் பிரிக்க அரிவாள் வேண்டியிருந்தது. "பன்னிக்குத் திருட்டுக் கரண்டு வச்சான், அவனே மாட்டிக்கினான்" என்றான் ரங்கன். ஊர் நம்பியது. அந்தப் பக்கம் பன்றிக்குக் கம்பி வைக்காத வயல் ஏது? நிலம் போனதைக்கூட நாகபூஷணத்தின் மனைவி யமுனா பொறுத்துக்கொண்டாள், அந்தப் பெயரைப் பொறுக்கவில்லை. "எம் புருஷன் திருடன் இல்லன்னு ரங்கன் வாயால சொல்லணும்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். பாவம், எவன் காதில் வாங்கினான்?

பேனல்கள் வாங்கிக்கொண்டன போலிருக்கிறது. ரங்கன் வீட்டுக் கோழிகள் கூண்டுக்குள்ளேயே வெந்தன. தொட்டித் தண்ணீர் கொதித்தது, அவன் முதுகில் கொப்புளம் கிளம்பியது. கடப்பாரையால் நாலைந்து பேனல்களை உடைத்தான். சில்லுகள் மண்ணில் புரண்டு படுத்து அவனையே பார்த்தன. உடைந்த இடத்தில் கம்பெனி மின்சாரக் காற்றாடி நட்டது. அந்தக் காற்று அவன் கூரையை மட்டும் பிய்த்து, அவனைச் சுவரில் அடித்து விலாவை ஒடித்தது. ஏரி மதகில் டர்பைன் வைத்தார்கள். தண்ணீர் மேடேறி வந்து அவன் கட்டிலைக் கவிழ்த்தது. அவன் மனைவி ஸ்ரீதேவி சாண எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தால், நெருப்பு குண்டானை விட்டுவிட்டு அவன் மீசைக்குப் பாய்ந்தது. "வெயிலு, காத்து, தண்ணி, சாணி, எதுக்குமே உன்னப் புடிக்கலியேய்யா! இன்னாதான் செஞ்சித் தொலைச்ச?" என்று கேட்டாள் அவள். முழுப் பூசணிக்காய் எத்தனை நாளைக்குச் சோற்றுக்குள் கிடக்கும்?

தோல் உரிந்துபோய் ரங்கன் யமுனா வாசலில் வந்து விழுந்தான். ஊர் கூடிவிட்டது. "நான்தான் கம்பி இழுத்தேன். நான்தான் புட்சித் தள்ளுனேன். அவன் திருடன் இல்ல."

"இன்னொரு தபா சொல்லு, சத்தமா" என்றாள் யமுனா.

சொன்னான். அவள் உள்ளே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வெளியே ஊர் அவனை அடித்தது. கல், செருப்பு, மண்வெட்டிக் காம்பு. பொய்யை முதலில் நம்பியவர்கள்தான் அதிகம் அடித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் அடித்தார்கள்.

மறுநாள் பேனல்கள் சூரியன் பக்கம் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் யமுனா வீட்டைப் பார்த்தபடி நிற்கிறது. ஊரெல்லாம் மழை பெய்தாலும் அவள் வாசலில் வெயில். மோகனப்ரியா வரும்போதெல்லாம் அதையும் துடைத்துவிட்டுப் போகிறாள். கூலிக்குக் கிடைத்த வேர்க்கடலையை யமுனா அந்த வெயிலில்தான் காயப்போடுகிறாள். சில நாள் நிமிர்ந்து, "போதும்யா, கண்ணு கூசுது" என்பாள். பேனல் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும்.