ஸ்கெல்கார்த்தின் முதல் குழி

எங்கள் ஸ்கெல்கார்த் கிராமத்தில் பதினோரு வீடுகள். தேவாலயம் கிடையாது. யார் செத்தாலும் மலையேறி, ஏழு மைல் தாண்டி, மேர்பெக் தேவாலயத்துக்குத் தூக்கிப் போய்த்தான் அடக்கம் செய்ய வேண்டும். முன்னூறு வருஷமாக அப்படித்தான்.

1817 ஜனவரியில், ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த கத்பர்ட் ரெய்ன் மார்ச்சளியில் செத்தான். ஆறு பேர் தூக்கினோம். உச்சியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சவப்பெட்டியை ஒரு பாறை மறைவில் இறக்கிவிட்டு, கண் தெரியாமல் தடவித் தடவித் திரும்பினோம். ஊருக்குள் வந்து பார்த்தால் ஐந்து பேர்தான். ஜாஸ் விட்வெல் இல்லை. கல்யாணமாகி நாலு மாதம்.

மறுநாள் கண்டெடுத்தோம். பெட்டியிலிருந்து இருபதடி தூரத்தில், உட்கார்ந்தபடி உறைந்திருந்தான்.

இரண்டு உடல்களையும் கீழே கொண்டுவந்தோம். மறுபடி எப்போது தூக்குவது என்று ஆண்கள் யோசித்துக்கொண்டிருக்க, கத்பர்டின் மனைவி தாமார் கடப்பாரையோடு தன் புல்வெளிக்குப் போனாள். அந்த ஒரு துண்டு நிலத்துப் புல்லில்தான் அவளுடைய இரண்டு மாடுகளும் குளிர்காலத்தைத் தள்ளின.

"அது ஆசீர்வதிச்ச மண்ணு இல்லையே, தாமார்" என்றேன்.

"செத்தவனத் தூக்கப் போயி இன்னொருத்தன் சாகணும்னு எந்தச் சாமி சொல்லுச்சு? நிக்காத, தோண்டு."

ஜாஸின் மனைவி எஸ்தர் வந்து நின்றாள். "இவரையும் இங்கயே வெச்சிரலாமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பனியில் இறுகிக் கிடந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கி, இரண்டு குழிகளாக வெட்டினோம்.

மார்ச்சில் மேர்பெக் பாதிரியார் குதிரையில் வந்தார். பெட்டிகளைத் தோண்டியெடுக்கச் சொன்னார். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

"எடுங்க ஐயா" என்றாள் தாமார். "தலமாட்ட நீங்க பிடிங்க, கால்மாட்ட நான் பிடிக்கிறேன். ரெண்டு பேருமா மேர்பெக்குக்குத் தூக்கிட்டுப் போவோம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஜாஸ் எங்கே கிடந்தான் என்று கேட்டார். மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இவனுக்கு நான்தாம்பா கல்யாணம் பண்ணி வெச்சேன்" என்றார்.

தாமாரின் நிலத்தையே இடுகாடாக்க அனுமதி கேட்டு, அந்த வாரமே தன் மேலதிகாரியான ஆயருக்கு எழுதினார். அனுமதி வர இரண்டு வருஷம் ஆனது. தாமார் நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தாள். தீனிக்கு வழியில்லாமல் மாடுகளை விற்றாள்.

ஆயர் வந்து மண்ணை ஆசீர்வதித்த அன்று கல்மதில் ஓரமாக ஊரே நின்றது. தாமாரைக் காணோம் என்று தேடிப் போனேன். காலித் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ வரலியா?"

"அவர் இன்னிக்குச் சொல்ற ஜெபத்த நானும் எஸ்தரும் அன்னிக்கே சொல்லிட்டோம். நீ போ, மழை வரும்" என்றாள்.