பேட்டரி கீழறையில்

டிரெய்லரின் மூக்கை உயர்த்தும் ஜாக்கியின் பொத்தானை வெர்லின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். ஏரிக்கரையில் அவர்கள் கோடையைக் கழிக்கும் அந்தச் சக்கர வீடு, கொட்டகைக்குள் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, குளிர்காலம் முழுக்கத் தூங்கியது போதாது என்பதுபோல் அசையாமல் கிடந்தது. மறுபடி அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை.

"ஆர்லிஸ், இதுல கரண்டே இல்ல."

ஆர்லிஸ் குனிந்து, ஜாக்கிக்குப் பின்னால் இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கம்பிகள் மட்டும் கிடந்தன. பேட்டரி இல்லை. தாலியை வீட்டில் வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்த கதைதான்.

மினசோட்டாக் குளிர் பேட்டரியைக் கொன்றுவிடும். அதனால் இலையுதிர்காலத்தில் அதைக் கழற்றி வீட்டின் கீழறையில் வைப்பதும், மே மாதம் திரும்ப எடுத்து வந்து மாட்டுவதும் வெர்லினின் வேலை. காலையில் புறப்படும்போது கேட்டாள், பேட்டரியை வண்டியில் வைத்தாச்சா என்று. "ஆச்சு, ஆச்சு" என்றார். ஆர்லிஸ் எட்டிப் பார்க்கவில்லை. ஜனவரியில் மருத்துவர் அந்த வியாதியின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து, அவர் அணைத்த அடுப்பை அவள் போய்ப் பார்த்தாலே வெர்லினின் முகம் சுருங்கிவிடுகிறது. அந்த முகத்தைக் காலங்காத்தாலே பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

வெர்லின் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். மீன்பிடி சாமானும் மடக்கு நாற்காலிகளும்தான் இருந்தன.

"நான் தூக்கிட்டு வந்தேன். படியேறும்போது முட்டி வலிச்சுது. நல்லா ஞாபகம் இருக்கு." முட்டியைத் தடவிக்கொண்டார். "போன வருஷமோ?"

ஆர்லிஸ் பிக்கப்பின் மின்செருகியை டிரெய்லரோடு இணைத்துப் பார்த்தாள், அந்த வழியாகவாவது கரண்ட் வருமா என்று. செருகியின் முனைகள் எப்போதோ துருப்பிடித்துப் போயிருந்தன. அதுவும் கைவிட்டது.

"கிரெய்க்குக்குப் போன் போடு" என்றார் வெர்லின். "அவன் சொன்னதுதான் சரி. வித்துடலாம்."

கிரெய்க் அவர்களுடைய மகன். இந்த வருஷம் ஏதாவது ஒன்று தப்பாகப் போனாலும் டிரெய்லரை விற்றுவிட வேண்டும் என்று ஈஸ்டர் சாப்பாட்டின்போதே சொல்லியிருந்தான். நல்ல பையன்தான்; நல்லதைச் சொல்லும்போதுதான் அவனை அறையலாம்போல் இருக்கும். ஆர்லிஸுக்கு வேண்டியது ஒரே ஒரு கோடை. அந்த ஏரி இன்னும் அவருக்கு அடையாளம் தெரிகிற ஒரு கோடை. அடுத்த வருஷத்தை அவள் கடவுளிடம்கூடக் கேட்கவில்லை.

கொட்டகையின் சொந்தக்காரன் லோவெல் டிராக்டரில் வந்து வாசலில் நின்றான். ஆர்லிஸ் பள்ளிச் சமையலறையில் இருந்த காலத்தில் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்ட பையன், இப்போது அறுநூறு ஏக்கர் விவசாயி. அவனுடைய சோள விதைப்பு யந்திரம் இந்த டிரெய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மண் காய்ந்துவிட்டது, பக்கத்து வயல்காரர்கள் நேற்றே விதைக்க இறங்கிவிட்டார்கள். ஆனால் அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அவன் இந்த ஊர்க்காரன் இல்லை.

"நல்ல வெயில், இல்ல?" என்றான்.

"மோசமில்ல" என்றாள் ஆர்லிஸ்.

"ஜாக்கி மக்கர் பண்ணுதோ? டிராக்டர்ல சங்கிலி போட்டு மூக்கைத் தூக்கிடறேனே. அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்ப்பா, உனக்கெதுக்குச் சிரமம்."

"சிரமமே இல்ல. சும்மாதானே நிக்கறேன்."

"இல்ல, நாங்க பாத்துக்கறோம்."

இந்தப் பக்கத்தில் காபியானாலும் கைஉதவியானாலும் இரண்டு முறை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் முறை, "சரி, உனக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்று வாங்கிக்கொள்வார்கள். கேட்பவனும் அதற்காகவே மூன்று முறை கேட்பான். மூன்றாவதையும் மறுத்தால் சண்டை, இல்லாவிட்டால் சாவு. லோவெல் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டே மூன்றாம் முறை கேட்டான்.

"தூக்கிடட்டுமா, ஆர்லிஸ்?"

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டு, தூக்கட்டும் என்பதுபோல் கையை அசைத்தார். டிராக்டர் தூக்கினால் டிரெய்லர் எழுந்துவிடும், இவர் எழமாட்டார் என்று ஆர்லிஸுக்குத் தெரிந்தது.

"வேணாம், லோவெல்."

லோவெல் அவளைப் பார்த்தான், பிறகு வெர்லினைப் பார்த்தான். சங்கிலியைக் கீழே வைத்தான். டிராக்டரை அணைத்துவிட்டு, அதன் சக்கரத்தில் இல்லாத ஏதோ ஒரு கோளாறைக் குனிந்து ஆராயத் தொடங்கினான்.

"பேட்டரி இல்லாத காலத்துல ஜாக்கியே இல்லையா? மேல ரப்பர் மூடி இருக்கு பாரு, வெர்லின். கையால சுத்தற கம்பி எங்க?" என்றாள் ஆர்லிஸ்.

"எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும். போன கோடை முழுக்க அதை வெச்சுத்தானே நீ நெருப்பைக் கிளறின? கத்திக் கத்தி என் தொண்டை போச்சு."

டிரெய்லரில் இருந்த விறகுப் பெட்டியைத் துழாவினாள். கரிபிடித்த அந்த வளைந்த கம்பி கிடைத்தது. வெர்லின் அதை வாங்கிப் பார்த்தார்.

"நல்ல கம்பி. நெருப்புக்கு இதைவிட ஒண்ணு அமையாது."

"அமையும் அமையும். சுத்து, கிழவா."

வெர்லின் ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டு, குழியில் கம்பியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தார். மோட்டார் அரை நிமிஷத்தில் செய்வதைக் கை செய்ய வெகுநேரம் பிடிக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு நூலளவுகூட நகராது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூச்சிரைக்கச் சுற்றினார். வியர்த்த முகத்தில் பழைய வீறாப்பு கொஞ்சம் தெரிந்தது. ஆர்லிஸ் டிரெய்லரின் மூக்கைப் பார்த்தாள். அது கீழே போய்க்கொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தாள். இன்னும் சில சுற்றுகள் போயின. காலையிலும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு அவள் செய்தது பயந்தாங்கொள்ளித்தனம்.

"வெர்லின். இறங்குது. எதிர்ப் பக்கம் சுத்து."

கம்பி நின்றது. முகம் சுருங்கத்தான் செய்தது.

"எப்ப பாத்த?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு."

"அப்ப காலைல பேட்டரி?"

"சந்தேகமாத்தான் இருந்துது. பாக்கல. அதுவும் அதுக்குத்தான்."

வெர்லின் கம்பியில் கையை ஊன்றி நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவருடைய குரல் தணிந்துதான் வந்தது.

"வருத்தப்பட்டுட்டுப் போறேன். வருத்தம் எனக்கு மறந்துடும், அதான் இந்த வியாதில இருக்கற ஒரே சௌகரியம். ஆனா நீயும் சொல்லலேன்னா, நான் எங்க நிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கிரெய்க் மழுப்பறான், டாக்டர் மழுப்பறாரு. நீ மழுப்பாத. எத்தனை தடவையானாலும் சொல்லு."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இப்ப சுத்து, லோவெல் அந்தச் சக்கரத்தை இன்னும் எவ்வளவு நேரம் பாப்பான்?"

எதிர்ப் பக்கம் சுற்றினார். கை ஓய்ந்தபோது அவள் வாங்கிச் சுற்றினாள், அவள் ஓய்ந்தபோது அவர். மூக்கு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வண்டிச் சாவி ஜனவரியிலிருந்து அவளிடம்தான் என்பதால் ஆர்லிஸ் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தாள். டிரெய்லரை மாட்டுவதற்காக எடுப்பது வாழ்நாளில் முதல் தடவை. கண்ணாடியில் வெர்லின் கையைக் காட்டிக் காட்டி அழைத்தார். இடது பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து. இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறை பிக்கப்பின் பின்னால் துருத்திய இரும்புக் குண்டு, அதன்மேல் உட்காரும் டிரெய்லரின் கிண்ணத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. மறுபடி சுற்றி மூக்கை அதன்மேல் இறக்கிப் பூட்டினார்கள், ஜாக்கியின் காலையும் மேலே ஏற்றினார்கள். இருவருடைய கையிலும் கரி.

"மோசமில்ல" என்றான் லோவெல், அப்போதுதான் நிமிர்ந்தவன்போல. அவன் கண் கலங்கியிருந்தது. மோசமில்லை என்றால் அந்த ஊரில் பிரமாதம் என்று பொருள்.

வெயிலில் கறுத்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே பிக்கப் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனது. ஆர்லிஸ் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாள்.

"எங்க போறோம்?" என்றார் வெர்லின்.

"முதல்ல வீட்டுக்கு, கீழறையிலேருந்து பேட்டரி எடுக்க. அப்புறம் ஏரிக்கு."

தலையாட்டினார். வழியில் யாரோ விதைத்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக இறங்கின. அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தவர், அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க போறோம், ஆர்லிஸ்?"

 புதிதாகக் கேட்டதுபோலவே பதில் சொல்லிவிடலாம். நாலு மாதமாக அப்படித்தான் செய்துவருகிறாள், நன்றாகவே வரும்.

"வெர்லின், இதை இப்பத்தான் கேட்ட."

வெர்லின் கரி படிந்த கையை எடுத்து அவளுடைய முழங்கால்மேல் வைத்தார்.

"அப்படியா? நீ என்ன பதில் சொன்ன?"

"ஏரிக்குன்னு."

"நல்ல பதில்" என்றார் வெர்லின்.