பீடோருக்குப் போன பால்

ரப்பர் விலை விழுந்த 1921இல் மலாயாவில் பீடோரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ராக்காயிக்கு ஊரில் போய் நிற்க ஒரு குடிசைகூட இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு மாடுகள்தான்.

அந்தத் தோட்டத்து மேனேஜர் யென்சன் துரை இங்கிலீஷ்காரர் இல்லை. டென்மார்க் என்ற சின்ன நாட்டுக்காரர். ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் மாடு வைத்திருப்பவர்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

“எங்க நாடு ரொம்பச் சின்னது. எல்லா வீட்டுப் பாலையும் ஒண்ணா ஊத்தி வெண்ணெய் எடுக்கிறோம். இங்கிலீஷ்காரன் வாங்கித் திங்கிறான். ஜெர்மன்காரன் தாத்தா காலத்துல எங்க நிலத்தப் புடுங்கினவன், அவனும் வாங்குறான். நீங்களும் அப்படிச் செய்ங்க. பால் காசுல வயிறு நிறைஞ்சா யாரையும் கப்பல் ஏத்த மாட்டேன்.”

ஒன்பது வீட்டுப் பால் ஒரே டின்னில் சேர்ந்து, பீடோரில் முகம்மது கௌஸின் காப்பிக் கடைக்குப் போனது. மூன்றாம் வாரம் டின் நிரம்பியபடியே திரும்பி வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறதாம்.

ராக்காயி நேரே துரையிடம் போனாள். சினைமாட்டுக்குப் பால் வற்றிவிட, அளவு குறையக்கூடாதென்று தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

“நாந்தான் தொரை,” என்றாள். கூட வந்த புருஷன் சின்னையா தலையில் அடித்துக்கொண்டான்.

துரை கத்தவில்லை. “எங்கிட்ட ஏன் சொல்ற? வாங்குறவன்கிட்ட போய்ச் சொல்லு. பக்கத்துல இருக்கிறவன் நம்பலைன்னா சின்ன நாடு பிழைக்காது.”

அன்றே அவள் ஆறு மைல் நடந்தாள். கடை நிறைய ஆட்கள்.

“அண்ணே, தண்ணி கலந்தது நாந்தான். மத்த எட்டு வீடும் சுத்தம். எம் பாலு வேணாம், அவங்க பால எடுத்துக்குங்க.”

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கௌஸ் குவளையைக் கீழே வைத்தார். “இத்தனை வருசத்துல தண்ணி கலந்தேன்னு வந்து சொன்ன மொத ஆளு நீதாம்மா. உட்காரு, காப்பி குடி. நாளையிலேருந்து எல்லார் பாலும் வரட்டும். நீ இருக்கிறத மட்டும் ஊத்து.”

அந்த வருடம் பக்கத்துத் தோட்டங்களில் பல லயங்கள் காலியாயின. இவர்கள் லயத்தில் ஒரு வீடுகூடப் பூட்டப்படவில்லை.

சினைமாடு கன்று போட்டதும் ராக்காயி சீம்பால் காய்ச்சி பங்களாவுக்கு எடுத்துப் போனாள். துரை ஒரு கரண்டி வாயில் வைத்தார். அவர் கண் விரிந்தது.

“எங்க ஊர்லயும் கன்னு போட்டா இந்தப் பால்லதான் பலகாரம் செய்வாங்க, ராக்காயி!”

ராக்காயி நன்றியோடு கும்பிட்டாள். துரையோ பாத்திரத்தை வழிக்க ஆரம்பித்திருந்தார்.

“உள்ள தொரைசானி அம்மாவுக்கும் கொஞ்சம் வைங்க தொரை,” என்றாள்.